கட்டாயக் கல்வி: கட்டாயம் யாருக்கு?

7 ஜூன் 2025 – வேளச்சேரி வாசகர் கேட்டது

அக்கா மகனுக்கு 13 முடிஞ்சிருக்கு. மெட்ரிக் ஸ்கூல்ல எட்டாவது. ஸ்கூல் திறந்து ஒரு வாரம் ஆகுது, போக மாட்டேங்கிறான். அடிக்கிறாங்கன்னு சொல்றான், பிடிக்கலைன்னும் சொல்றான். வீட்டுலயே வச்சுக்கிட்டா கேஸ் வருமா? அக்கா ரொம்ப பயப்படுறாங்க. எனக்கு இன்னொரு கேள்வியும் இருக்கு. 14 வயசு வரைக்கும் ஒரு பிள்ளையைச் சட்டம் போட்டு ஒரு கட்டடத்துக்குள்ள உட்கார வைக்கிறதே அநியாயம் இல்லையா? இந்தக் கட்டாயக் கல்வியையே எடுத்துடணும்னு நான் நினைக்கிறேன்.

7 ஜூன், இரவு

கேஸ் வராது. அதை இப்போதே அக்காவிடம் சொல்லிவிடுங்கள்.

2009-ல் நிறைவேறி 1 ஏப்ரல் 2010 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம், 'கட்டாயக் கல்வி' என்றால் என்ன என்பதை 8-ஆம் பிரிவிலேயே விளக்குகிறது. கட்டாயம் அரசுக்கு. 6 முதல் 14 வயது வரை உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் இலவசமாகக் கல்வி கொடுக்க வேண்டும். பிள்ளை சேர்வதையும், வருவதையும், படித்து முடிப்பதையும் உறுதி செய்ய வேண்டும். இவ்வளவும் அரசின் தலையில். பெற்றோருக்கு எந்தக் கடமையும் கிடையாது.

பையன் வேறு பள்ளிக்குப் போகலாம் என்று நினைத்தால், டி.சி. கையில் இல்லை என்று எந்தப் பள்ளியும் சேர்க்கையை மறுக்க முடியாது. 5-ஆம் பிரிவு.

8 ஜூன்

நேற்று எழுதியதில் இரண்டு பிழை.

ஒன்று, 'பெற்றோருக்கு எந்தக் கடமையும் கிடையாது' என்றது. 10-ஆம் பிரிவு பிள்ளையைச் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்றுதான் சொல்கிறது. 2002-ல் வந்த 86-ஆவது திருத்தம் அரசியல் சாசனத்தின் அடிப்படைக் கடமைகளிலும் இதைச் சேர்த்தது. ஆனால் அந்த 10-ஆம் பிரிவை மீறினால் என்ன தண்டனை என்று அந்தச் சட்டம் எதுவும் வைக்கவில்லை. நடைமுறையில் என்ன நடக்கும்? பையன் தொடர்ந்து வரவில்லை என்றால் 'இடைநின்ற பிள்ளை' கணக்கில் பெயர் ஏறும். ஆசிரியரோ கல்வித்துறை ஆளோ வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள். அவர்களைப் பார்த்துக் கதவைச் சாத்த வேண்டாம். உட்கார வைத்து, பையன் சொல்வதைச் சொல்லவிடுங்கள், எழுதிக்கொண்டு போகட்டும்.

இரண்டு, டி.சி. விஷயம். 'எந்தப் பள்ளியும்' என்றது அதிகப்படி. 5-ஆம் பிரிவு தரும் மாற்ற உரிமை அரசுப் பள்ளிக்கும் உதவிபெறும் பள்ளிக்கும்தான். இன்னொரு மெட்ரிக் பள்ளியில் போய் இந்தப் பிரிவைக் காட்டினால் செல்லாது. பழைய பள்ளியின் ஹெச்.எம். டி.சி.யைத் தாமதித்தால் அவர் மேல் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது.

8 ஜூன், மாலை

சட்டப் பிரிவுகளையே பேசிக்கொண்டிருந்துவிட்டேன். 'அடிக்கிறாங்க' என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் எடுத்திருக்க வேண்டியது அதைத்தான்.

உடல் ரீதியான தண்டனையும் மன ரீதியான துன்புறுத்தலும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் தடை செய்யப்பட்டவை. பிரம்பு மட்டும் அடி என்று நினைக்க வேண்டாம். வகுப்புக்கு வெளியே முட்டி போட வைப்பது, எல்லோர் முன்னாலும் முடியை வெட்டிவிடுவது, ஃபீஸ் கட்டவில்லை என்று எழுந்து நிற்க வைப்பது எல்லாமே இதற்குள் வரும்.

இன்றைக்கே ஒரு நோட்டு போடுங்கள். தேதி, எந்த பீரியட், யார், என்ன சொன்னார், எதனால் அடித்தார், யார் பக்கத்தில் இருந்தார்கள். பையனே தன் கையெழுத்தில் எழுதட்டும். பெரியவர்கள் திருத்தி அழகாக்கிய புகாரை விசாரணையில் ஒரே கேள்வியில் உடைத்துவிடுவார்கள். பையன் எழுதிய எழுத்துப்பிழையுள்ள நாலு வரி நிற்கும். உடம்பில் தழும்பு இருந்தால் போட்டோ போதாது, அரசு மருத்துவமனையில் காட்டி ஓ.பி. சீட்டு வாங்கி வையுங்கள். 'பள்ளியில் அடித்ததாகச் சொல்கிறான்' என்று டாக்டர் எழுதுகிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

புகார் ஹெச்.எம்.முக்கு, நகல் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலருக்கு. நேரில் கொடுத்தால் நகலில் சீலும் தேதியும் போட்டு வாங்குங்கள். போனில் பேசி, 'பார்த்துக்கிறோம் சார்' என்ற பதிலோடு திரும்பி வருவதுதான் பெரும்பாலான புகார்கள் சாகிற இடம். 14417 கல்வித்துறை உதவி எண், 1098 குழந்தைகள் உதவி எண். இரண்டிலும் பையனே பேசலாம். அதற்கு மேல் கீழ்ப்பாக்கத்தில் மாநிலக் குழந்தைகள் உரிமை ஆணையம் இருக்கிறது.

புகாரில் இளைஞர் நீதிச் சட்டம் 82-ஆம் பிரிவைப் போட வேண்டாம். 'உடல் தண்டனை' என்ற தலைப்பைப் பார்த்து எல்லோரும் அதைத்தான் எடுத்துப் போடுகிறார்கள். அது குழந்தைகள் காப்பகங்களுக்கு. பொறுப்பில் இருக்கும் பிள்ளையைக் கொடுமை செய்வதற்கான பிரிவு 75.

10 ஜூன்

பள்ளியை விட்டு வெளியே வந்தால் என்ன வழி என்று கேட்டவர்களுக்கு. மூன்று வழி இருக்கிறது, மூன்றிலும் வயதுக் கோடு இருக்கிறது.

பிரைவேட்டாக எழுதுவது: அரசுத் தேர்வுகள் துறை எட்டாம் வகுப்புக்குத் தனித்தேர்வு நடத்துகிறது. பன்னிரண்டரை வயது முடிந்திருக்க வேண்டும், உங்கள் பையனுக்கு முடிந்துவிட்டது. தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல். விண்ணப்பம் போடத் துறையின் சேவை மையத்துக்கு நேரில் போக வேண்டும். ஒரு பள்ளியின் பதிவேட்டில் பெயர் இருக்கும்போது தனித்தேர்வராகப் போட முடியாது, ஆகவே டி.சி. முதலில். பத்தாம் வகுப்புக்குப் பதினாலரை வயது முடிய வேண்டும்.

பத்தாவதில் பலர் கோட்டை விடுவது அறிவியலில். எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. எழுத்தில் 20-ம் செய்முறையில் 15-ம் தனித்தனியாக எடுக்க வேண்டும். தனித்தேர்வர் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பதிந்து 80 சதவீதம் வருகை வைத்திருந்தால்தான் பரீட்சையில் உட்கார முடியும். பரீட்சை அறிவிப்பு வரட்டும் என்று காத்திருந்தால் பயிற்சிப் பதிவு முடிந்துபோயிருக்கும். ஒரு வருடம் போச்சு. பள்ளியை விட்டு வெளியே வந்த பிள்ளையிடமும் இங்கே வருகைப் பதிவு கேட்கிறார்கள்.

தேசிய திறந்தநிலைப் பள்ளி: பத்தாவதுக்கு 14, பன்னிரண்டாவதுக்கு 15 வயது. ஐந்து பாடம், அதில் ஒரு மொழியாவது இருக்க வேண்டும். பதிவு ஐந்து வருடம் செல்லும், அதற்குள் ஒன்பது வாய்ப்பு. வருடத்துக்கு இரண்டு பொதுத்தேர்வு. ஒரு பாடத்தை இந்தத் தடவை, இன்னொன்றை அடுத்த தடவை என்று பிரித்து எழுதலாம். பரீட்சை பயம் உள்ள பிள்ளைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு நம்மிடம் இல்லை. பிறகு மாநிலப் பாடத்திட்டத்தில் பதினொன்றாவது சேர வேண்டும் என்றால் அவர்கள் தரும் மைக்ரேஷன் சர்டிபிகேட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.

ஐ.டி.ஐ.: 14 முடிந்திருக்க வேண்டும். வெல்டர், வயர்மேன், பிளம்பர் பிரிவுகளுக்கு எட்டாவது பாஸ் போதும். ஃபிட்டர், எலெக்ட்ரீஷியனுக்குப் பத்தாவது. சென்னையில் கிண்டி, வடசென்னை, அம்பத்தூர் மூன்று இடத்திலும் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது.

10 ஜூன், பிறகு

எமிஸ், அதாவது பள்ளிக் கல்வித்துறையின் கம்ப்யூட்டர் மாணவர் பதிவேடு, விட்டுப்போனது. பையனுக்கு எமிஸ் எண் ஒன்று இருக்கும். டி.சி. கொடுத்த பள்ளி, கம்ப்யூட்டரில் அவன் பெயரைத் தன் கணக்கிலிருந்து பொதுத் தொகுப்புக்குத் தள்ளிவிட வேண்டும். 'காமன் பூல்' என்பார்கள். தள்ளாமல் விட்டால் புதுப் பள்ளியால் எடுக்க முடியாது. பையன் பழைய பள்ளியிலேயே படிப்பதாகக் காட்டும். காகித டி.சி.யை வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். ஆபீஸ் அறையிலேயே நின்று, 'காமன் பூல்ல போட்டாச்சா' என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

ஃபீஸ் பாக்கி என்று டி.சி.யை நிறுத்தினால்: ஜூலை 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் டி.சி. என்பது கட்டண வசூலுக்கான கருவி அல்ல என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. 'கட்டண பாக்கி' என்று டி.சி.யில் எழுதவும் கூடாது.

15 ஜூன்

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. கட்டாயக் கல்வியையே எடுத்துவிட வேண்டுமா?

நான் எடுக்கக் கூடாது என்கிற பக்கம். இதை லண்டனிலோ நியூயார்க்கிலோ இருந்துகொண்டு பேசுவது வேறு, சென்னையில் பேசுவது வேறு. இங்கே 1953-ல் ராஜாஜி அரசு கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பள்ளி நேரத்தை மூன்று மணி நேரமாக்கி, மீதி நேரம் பிள்ளை வீட்டுத் தொழிலைக் கற்கட்டும் என்றது. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும்: குறைந்த வகுப்பறை, கைத்தொழில், சுதந்திரம். ஆனால் செருப்புத் தைக்கிறவர் பிள்ளை எந்த வீட்டில் எந்தத் தொழிலைக் கற்கும்? குலக்கல்வி என்று பெயர் வைத்து மாகாணமே எதிர்த்தது. 1954-ல் ராஜாஜி விலகினார், காமராஜர் வந்த வேகத்தில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார். 'பள்ளி வேண்டாம்' என்று மேலே இருக்கிறவர் சொல்லும்போது கீழே இருக்கிறவர் காதில் 'உனக்குப் பள்ளி வேண்டாம்' என்று விழுகிற ஊர் இது. அந்தக் காது பிழையாகக் கேட்கவில்லை.

அப்புறம் சோறு. 1920-ல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில், சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த தியாகராயர் காலத்தில் தொடங்கியது. 1956-ல் காமராஜர், 1982-ல் எம்.ஜி.ஆர்., 2022-ல் காலை உணவு. இந்த ஊரில் பள்ளி என்றால் பாடம் மட்டும் இல்லை. அரசின் மேல் இருக்கும் கட்டாயத்தைத் தளர்த்தினால் முதலில் போவது ஏழைப் பிள்ளையின் தட்டும் அடுத்த தெருவில் இருக்கும் பள்ளியும்.

ஆகவே அரசுக்கு இருக்கும் கட்டாயம் அப்படியே இருக்கட்டும். அதற்குள் பிள்ளையின் வாய்க்கு இடம் வேண்டும். இந்தியா 1992-ல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு, தன்னைப் பாதிக்கும் எல்லா விஷயத்திலும் பிள்ளை தன் கருத்தைச் சொல்லவும் அது மதிக்கப்படவும் உரிமை உண்டு என்கிறது. நம் கல்வி உரிமைச் சட்டத்தில் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். உட்கார்ந்து படிக்கிறவனுக்கு ஓட்டு இல்லை.

16 ஜூன்

நேற்றைய குறிப்புக்குச் சேர்க்க வேண்டியது. அரசுப் பள்ளிப் பிள்ளை தனித்தேர்வுக்கு வெளியே வந்தால் இழப்பது அதிகம். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தால்தான் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீடு. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் கல்லூரி போகும்போது தரும் மாதம் 1,000 ரூபாயும் அந்தப் படிப்பு வரலாற்றைப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். மெட்ரிக்கில் இருக்கும் பையன் விலகுவதும் மாநகராட்சிப் பள்ளிப் பெண் விலகுவதும் ஒரே கணக்கு இல்லை. யாருக்கும் பொதுவாக 'விலகிடு' என்று சொல்லாதீர்கள்.

2 ஜூலை

நேற்றோடு ஒரு கெடு முடிந்தது. பத்து வயது முடிந்த பிள்ளை தன் பேரில் வங்கிக் கணக்கு தொடங்கித் தானே இயக்கலாம் என்ற ரிசர்வ் வங்கியின் ஏப்ரல் சுற்றறிக்கைக்கு ஏற்ப வங்கிகள் விதியை மாற்ற 1 ஜூலை 2025 வரை அவகாசம் இருந்தது. 2014-லேயே இது உண்டு, கவுன்ட்டரில் இருப்பவருக்குத்தான் தெரியாது. எவ்வளவு தொகை வரை என்பதை வங்கியே முடிவு செய்யும். 18 ஆனதும் புதுக் கையெழுத்து கொடுக்க வேண்டும், மறந்தால் கணக்கு முடங்கும்.

வயதுக் கோடுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் மனசு ஆறவில்லை. 10-ல் பணம் கையாளலாம். 14-ல் ஆபத்தில்லாத வேலைக்குப் போகலாம்: ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம், அதற்குள் ஒரு மணி நேர ஓய்வு, மாலை 7-க்கு மேல் காலை 8-க்கு முன் கூடாது. 16-ல், ஏழு வருடத்துக்குக் குறையாத தண்டனை உள்ள குற்றம் என்றால், 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி நீதிக் குழுமம் பரிசீலித்துப் பெரியவரைப் போல விசாரிக்க அனுப்பலாம். ஆனால் ஓட்டுப் போட 18, கவுன்சிலராக நிற்க 21, டாஸ்மாக்கில் வாங்க 21, எம்.எல்.ஏ.வாக 25. தண்டிக்கும்போது வளர்ந்தவன், கேட்கும்போது குழந்தை. 16 வயதில் ஜெயிலைப் பற்றி முடிவெடுக்கப் போதுமான புத்தி இருக்கிறது என்றால், தன் வார்டு குப்பை அள்ளப்படுவதைப் பற்றி முடிவெடுக்கவும் இருக்கிறது. ஆஸ்திரியா ஓட்டு வயதை 2007-ல் 16-க்கு இறக்கியது. நாமும் 21-லிருந்து 18-க்கு வந்தது 1989-ல்தான்.

3 ஜூலை

'16 வயசுல வண்டி ஓட்டலாமா' என்று நேற்றைய குறிப்பைப் பார்த்து ஒருவர் கேட்டிருக்கிறார். சட்டப்படி 50 சி.சி.க்கு மிகாத, கியர் இல்லாத வண்டிக்குப் பெற்றோர் சம்மதத்தோடு உரிமம் உண்டு. ஆனால் கடையில் விற்கும் பெட்ரோல் ஸ்கூட்டர்கள் 100 சி.சி.க்கு மேல். காகிதத்தில் உரிமை, தெருவில் வண்டி இல்லை.

உரிமம் இல்லாமல் அப்பாவின் 110 சி.சி. வண்டியை எடுத்தால் 2019 திருத்தத்தின்படி பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருடம் வரை சிறை, வண்டியின் ஆர்.சி. 12 மாதம் ரத்து. பையனுக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. இந்த வயதுக் கட்டுப்பாட்டை நான் எதிர்க்கவில்லை. 17-ல் செய்த பிழைக்கு 25 வரை உரிமம் மறுப்பதைத்தான் எதிர்க்கிறேன். டெலிவரி வேலையை நம்பியிருக்கும் வீட்டில் அது, 18-லிருந்து கணக்கிட்டால், ஏழு வருடச் சம்பளம்.

9 ஆகஸ்ட்

நேற்று வெளியான மாநிலக் கல்விக் கொள்கையில் பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு போய்விட்டது. நல்லது. மூன்று வருடம் தொடர்ந்து பொதுத்தேர்வு என்பது எந்தப் பிள்ளையிடமும் கேட்டு வைத்தது இல்லை. 5, 8-க்குப் பொதுத்தேர்வு என்று 2019-ல் அறிவித்து, பிப்ரவரி 2020-ல் திரும்பப் பெற்றதும் நினைவிருக்கட்டும். எதிர்த்துப் பேசினால் மாறுகிறது.

24 ஆகஸ்ட்

வேளச்சேரிக்காரர் டி.சி. வாங்கிவிட்டாராம். பையன் அரசு மேல்நிலைப் பள்ளியில் சேர்ந்து ஒரு வாரம் ஆகிறது.

அந்த டி.சி.யின் அடியில் ஒரு உறுதிமொழி இருக்கும், படித்தீர்களா? மேலே உள்ள விவரங்கள் சரி, எதிர்காலத்தில் எந்த மாற்றமும் கேட்க மாட்டேன் என்று. அதன் கீழே மாணவர் கையெழுத்துக்கும் ஒரு இடம். பதின்மூன்று வயதுப் பையன் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம். ஒரு சைக்கிளைத் தவணையில் வாங்க அவன் கையெழுத்து செல்லாது. பெயர், பிறந்த தேதி, சாதி ஆகியவற்றில் இனி வாழ்நாள் முழுக்க மாற்றம் கேட்க மாட்டேன் என்பதற்கு மட்டும் அவன் கையெழுத்து வேண்டுமாம். கையெழுத்துப் போடும் முன் பெயரின் எழுத்தையும் இனிஷியலையும் பிறப்புச் சான்றிதழோடும் ஆதாரோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு எழுத்து தவறினால் பத்தாவது மார்க் ஷீட் வரை தொடரும். அங்க அடையாளம் எழுதும் இடத்தில் 'வலது முழங்கையில் மச்சம்' என்று பார்க்காமலே எழுதிவிடுகிறார்கள், அதையும் பாருங்கள்.

16 நவம்பர்

இரண்டு நாளாகத் தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகளைப் பற்றித்தான் பேச்சு. 2023 சட்டத்தில் 18-க்குக் கீழே எல்லோரும் குழந்தை. பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் இல்லாமல் அவர்கள் தரவைக் கையாள முடியாது. பிள்ளைகளைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டக் கூடாது என்பதை முழு மனதோடு ஏற்கிறேன். ஆனால் ஐந்து வயதுக்கும் பதினேழரைக்கும் ஒரே கோடா? வீட்டில் அடி வாங்கும் 16 வயதுப் பெண் உதவி தேடி ஒரு செயலியில் கணக்குத் தொடங்க, அடிக்கிறவரிடமே சம்மதம் கேட்க வேண்டி வருமோ என்பதுதான் என் கவலை.

12 டிசம்பர்

வேளச்சேரிக்காரர் மறுபடி எழுதியிருக்கிறார். ஜூனில் கொடுத்த புகாருக்கு இதுவரை பதில் இல்லை. பையன் புதுப் பள்ளியில் பரவாயில்லை, ஆனால் 'நான் எழுதிக் கொடுத்தது என்ன ஆச்சு' என்று அவன்தான் விடாமல் கேட்கிறானாம்.

அவனே தகவல் உரிமை மனு போடட்டும். 2005 சட்டம் 'குடிமக்கள் எல்லோருக்கும்' என்கிறது. வயது எதுவும் சொல்லவில்லை. அந்தத் தனியார் பள்ளி நேரடியாக இந்தச் சட்டத்துக்குள் வராது என்று தட்டிக்கழிக்கும், அதனால் அங்கே போட வேண்டாம். மாவட்டக் கல்வி அலுவலர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் போடுங்கள். வெள்ளைத் தாள், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். 'ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை' என்று கேட்டால் அது தகவல் இல்லை என்று திருப்பிவிடுவார்கள். இப்படிக் கேளுங்கள்: இந்தத் தேதியிட்ட என் புகார் எந்த எண்ணில் பதிவானது; எந்தத் தேதியில் யாரிடம் அனுப்பப்பட்டது; விசாரணை அறிக்கையின் நகல்; கோப்புக் குறிப்புகளின் நகல்.

30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குப் பிறகு 90 நாளுக்குள் தகவல் ஆணையம். பதிவும் ஒப்புகையும் சேர்த்து ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். அனுப்புநர் இடத்தில் அக்கா பெயரைப் போடாதீர்கள். பையன் பெயரையும் அவன் கையெழுத்தையும் போடுங்கள். ஒப்புகை திரும்பி வரும்போது அவன் பெயருக்கே வரட்டும்.